ஒரு சிவப்புச் சாயமும் பல நாட்டுச் சட்டங்களும்

எரித்ரோசின் என்பது செர்ரிப் பழத்தின் சிவப்பைத் தரும் செயற்கைச் சாயம். அமெரிக்காவில் அதற்கு ‘ரெட் 3’ என்று பெயர். ஐரோப்பாவில் ஈ127. நம் ஊர் மிட்டாய் உறைகளில் பொடி எழுத்தில் 127 என்ற எண்ணாக மட்டும் இருக்கும். ஆண் எலிகளுக்கு நீண்ட நாள் மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது தைராய்டு சுரப்பியில் கட்டிகள் உண்டாயின. அதை வைத்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1990இல் உதட்டுச் சாயம் முதலிய அழகுப் பொருட்களிலும் மேலே பூசும் மருந்துகளிலும் அந்தச் சாயத்தைத் தடை செய்தது. உணவைத் தொடவில்லை. உதட்டில் பூசக் கூடாத ஒன்று மிட்டாயில் கலந்து குழந்தையின் வயிற்றுக்குள் போகலாம் என்ற நிலை ஏறத்தாழ 35 ஆண்டுகள் நீடித்தது. 2025 ஜனவரியில்தான் உணவுக்கான அனுமதியை நீக்கினார்கள். அப்போதும் நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் தந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதை அடியோடு தடை செய்யவே இல்லை, பதப்படுத்திய செர்ரிகளுக்கு மட்டும் என்று குறுக்கிவிட்டது. ஜப்பானில் அனுமதி தொடர்கிறது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு விதிகள் பெயர் சொல்லி அனுமதித்த எட்டு செயற்கை நிறங்களில் இதுவும் ஒன்று.

இத்தனைக்கும் சான்று எல்லோருக்கும் பொதுவானது. அந்த எலி ஆய்வை எல்லா நாட்டு நிபுணர்களும்தான் படித்தார்கள். பிறகு ஏன் முடிவு இடத்துக்கு இடம் மாறுகிறது? ஐரோப்பா கண்டிப்பானது, அமெரிக்கா கம்பெனிகளுக்கு வளைந்து கொடுப்பது, இந்தியா அலட்சியமானது என்பது வழக்கமான பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அது நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டின் வேர் மூன்று நிர்வாகக் கேள்விகளில் இருக்கிறது என்பது என் வாதம். ஒரு பொருள் பாதுகாப்பானது என்று யார் நிரூபிக்க வேண்டும்? சந்தேகம் எஞ்சினால் அதன் பலன் யாருக்கு, விற்பவருக்கா உண்பவருக்கா? ஒருமுறை கொடுத்த அனுமதியை மறுபடி யார், எப்போது எடுத்துப் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் விட முக்கியமானது. அதைப் பற்றித்தான் நம் நாட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

‘அங்கே தடை, இங்கே விற்பனை’ என்ற பட்டியல்களை நம்பி ஒரு நாட்டை எடைபோட முடியாது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். சைக்லமேட் என்ற இனிப்பூட்டியை அமெரிக்கா 1969இல் தடை செய்தது. ஐரோப்பாவில் அது ஈ952 என்ற எண்ணோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமராந்த் சாயத்தை அமெரிக்கா 1976இல் விலக்கியது. ஐரோப்பா சிலவகை மதுக்களுக்கும் மீன் முட்டைக்கும் அதை அனுமதிக்கிறது. கார்மோய்சின், பான்சோ 4ஆர் ஆகிய சிவப்புகள் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சட்டபூர்வமானவை, அமெரிக்காவில் அவற்றுக்கு இடமில்லை. மறுபுறம், ரொட்டி மாவைப் பதப்படுத்தும் அசோடைகார்பனமைடை அமெரிக்கா ஒரு கிலோ மாவுக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது, ஐரோப்பா ஏற்பதில்லை. எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும் டி.பி.எச்.கியூ. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா மூன்றிலும் செல்லும், ஜப்பானில் செல்லாது. பட்டியலைத் தொகுப்பவர் எந்த நாட்டில் நின்று தொகுக்கிறார் என்பதைப் பொறுத்து எந்த நாட்டையும் குற்றவாளியாகவோ காவலாளியாகவோ காட்டிவிடலாம்.

அமெரிக்கச் சட்டத்துக்குள் இரண்டு எதிரெதிரான மனநிலைகள் குடியிருக்கின்றன. 1958இல் உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான திருத்தம் நிறைவேறியபோது, நியூயார்க்கைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் டிலேனியின் பெயரால் அறியப்படும் ஒரு பிரிவு அதில் சேர்ந்தது. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரியவந்த எந்தச் சேர்க்கையையும் பாதுகாப்பானது என்று கருதக் கூடாது என்பது அதன் சாரம். அளவு எவ்வளவு, மனித உடலில் அப்படி நடக்குமா என்ற விசாரணைக்கே அதில் இடமில்லை. எரித்ரோசினை 2025இல் நீக்கியபோதும் எஃப்.டி.ஏ. இதைத்தான் சொன்னது: எலியில் கட்டி உண்டாகும் வழிமுறை மனிதருக்குப் பொருந்தாது, ஆனாலும் சட்டம் வேறு வழி விடவில்லை. அதே 1958ஆம் ஆண்டுத் திருத்தம், ‘பொதுவாகப் பாதுகாப்பானவை என ஏற்கப்பட்டவை’ என்று ஒரு வகையை விலக்கி வைத்தது. உப்பு, வினிகர், மிளகு போன்றவற்றுக்கெல்லாம் அனுமதி கேட்டு அலைய வேண்டாம் என்பது அதன் நியாயமான நோக்கம். நாளடைவில் அந்த வாசல் அகலமாகிவிட்டது. ஒரு புதிய பொருள் பாதுகாப்பானது என்று நிறுவனமே நிபுணர்களை வைத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம், எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிப்பதும் தெரிவிக்காததும் நிறுவனத்தின் விருப்பம். 2016இல் இறுதியான விதியும் இந்த ஏற்பாட்டையே உறுதிசெய்தது. 2022இல் தாரா என்ற தாவர விதையின் மாவு சேர்ந்த உணவை உண்ட நூற்றுக்கணக்கானோர் ஈரல் பாதிப்பு முதலிய கோளாறுகளுக்கு ஆளானார்கள். அந்த மாவுக்கு எஃப்.டி.ஏ.வின் முன் அனுமதி எதுவும் இருக்கவில்லை. அது பாதுகாப்பானவற்றின் வகையில் சேராது என்று எஃப்.டி.ஏ. முடிவு சொன்னது 2024இல்.

புரோமினேற்றிய தாவர எண்ணெயின் கதை இதைவிடப் பாடம் தருவது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை எண்ணெய்கள் குளிர்பானத்தின் மேலே பிரிந்து மிதக்காமல் பிடித்துவைப்பதற்காக அதைச் சேர்ப்பார்கள். 1970இல் எஃப்.டி.ஏ. அதைப் பாதுகாப்பானவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மேலும் ஆய்வுகள் வரும்வரை ‘இடைக்கால அனுமதி’ தந்தது. அந்த இடைக்காலம் 54 ஆண்டுகள் ஓடியது; 2024இல்தான் அனுமதி ரத்தானது. பிரிட்டன் 1970இலேயே அதைக் கைவிட்டிருந்தது. இந்தியாவும் 1990இல் தடை செய்துவிட்டது. அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோப்பைத் திறக்க வேண்டிய நாள் எது என்று சட்டத்தில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநிலம் இந்த எண்ணெய், எரித்ரோசின், பொட்டாசியம் புரோமேட், புரோப்பைல் பாராபென் ஆகிய நான்கையும் 2027 முதல் தடை செய்யும் சட்டத்தை இயற்றிய பிறகு, அவற்றில் இரண்டின் கோப்புகள் வாஷிங்டனில் முடிவுக்கு வந்தன.

ஐரோப்பாவின் உண்மையான வலிமை அதன் தடைகளில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. 2009 ஜனவரி 20க்கு முன் அனுமதி பெற்ற எல்லாச் சேர்க்கைகளையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு விதி ஒன்று கட்டளையிட்டது. முதலில் நிறங்கள், பிறகு மற்றவை என்று வரிசையும் கெடுவும் வகுத்தார்கள். பழைய அனுமதியைக் காட்டி யாரும் தப்ப முடியாது. தரவு தர வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. ஓட்டுநர் உரிமத்துக்குக்கூடக் காலாவதித் தேதி உண்டு. கோடிக்கணக்கானோர் தினமும் உண்ணும் பொருளுக்கான அனுமதி மட்டும் சாகாவரம் பெற்றதாக ஏன் இருக்க வேண்டும்? இந்த மறு மதிப்பீட்டில்தான் டைட்டானியம் டை ஆக்சைடு சிக்கியது. மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் பளீர் வெண்மை தரும் தூள் அது. அதன் நுண்துகள்கள் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற ஐயத்தை ஒதுக்க முடியவில்லை, எனவே இனியும் பாதுகாப்பானது என்று கருத இயலாது என 2021 மே மாதம் ஆணையம் சொன்னது. கேடு விளைவிக்கிறது என்று சொல்லவில்லை. கேடில்லை என்று சொல்ல முடியவில்லை என்றுதான் சொன்னது. 2022இல் ஒன்றியம் முழுவதும் உணவில் அதற்குத் தடை வந்தது. ஏறக்குறைய அதே தரவுகளைப் பார்த்த கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா-நியூஸிலாந்து அமைப்புகள் வேறு முடிவுக்கு வந்தன. ஆய்வகத்தில் திரவத்தில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த நுண்துகளை உணவில் கலக்கும் தூளுக்குச் சமமாகக் கொள்ளலாகாது என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் நேர்மையானவைதான். எஞ்சிய ஐயத்தை ஐரோப்பா உண்பவர் பக்கம் சேர்த்தது, மற்றவர்கள் பழைய அனுமதியின் பக்கம் சேர்த்தார்கள்.

ஐரோப்பா எப்போதும் சீராக நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குழந்தைகளின் பரபரப்பைக் கூட்டுகிறது என்று 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வெளியானது. சான்று வலுவில்லாதது என்று ஆணையத்தின் நிபுணர்கள் கருதினார்கள். ஆனாலும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வற்புறுத்தலால், ஆறு நிறங்களுள் எது இருந்தாலும் குழந்தைகளின் செயலிலும் கவனத்திலும் பாதிப்பு ஏற்படலாம் என்ற எச்சரிக்கை 2010 ஜூலை முதல் உறையில் கட்டாயமானது. தடை இல்லை, எச்சரிக்கை மட்டும். அதுவே போதுமானதாக இருந்தது: குழந்தைப் பண்டத்தில் அந்த வாசகத்தைப் போட விரும்பாத பல நிறுவனங்கள் நிறத்தையே மாற்றிக்கொண்டன. அறிவியல் நிரூபணத்துக்குக் காத்திருந்தால் இது நடந்திருக்காது. இதைக் குறையாகவும் சொல்லலாம். தேவையற்ற ஒரு பொருளின் மீதான ஐயத்தில் மக்கள் பிரதிநிதிகளுக்கும் ஒரு சொல் உண்டு என்பதால், நான் இதை நிறையாகவே காண்கிறேன். நிறம் உணவைக் கெடாமல் காப்பதில்லை, சத்தும் தருவதில்லை.

ஜப்பானின் பாதை துயரத்திலிருந்து பிறந்தது. 1955இல் ஆர்சனிக் கலந்த டைசோடியம் பாஸ்பேட் சேர்ந்த குழந்தைப் பால் பவுடரால் மேற்கு ஜப்பானில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் நஞ்சுக்கு ஆளாயினர், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தவறு, சேர்க்கைப் பொருளைச் சேர்த்ததில் இல்லை, அதன் தூய்மையில் இருந்தது. அதன் பின்னர்தான் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தூய்மை வரையறையும் சோதனை முறையும் கொண்ட அதிகாரபூர்வத் தொகுப்பு அங்கே வந்தது. ஒரு பெயரை அனுமதிப்பது வேறு, அந்தப் பெயரில் சந்தைக்கு வரும் மூட்டையில் என்ன இருக்கிறது என்பது வேறு என்ற பாடம் அது.

இவ்வளவு வேறுபாடு எதற்கு, உலகத்துக்கு ஒரே விதி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான அமைப்பும் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1956 முதல் சேர்க்கைகளை மதிப்பிடுகிறது. 1963இல் தோன்றிய கோடெக்ஸ் ஆணையம் அதை வைத்துப் பொதுத் தரங்களை வகுக்கிறது. 1995 முதல் உலக வர்த்தக நிறுவனத்தின் ஒப்பந்தமும் அவற்றையே அளவுகோலாகக் கொள்கிறது. சொந்த ஆய்வகமும் நிபுணர்களும் இல்லாத நாடுகளுக்கு இது பெரும் உதவி. ஆனால் ஒரே எண் எல்லா ஊர்ச் சாப்பாட்டுக்கும் பொருந்தாது. ஐரோப்பாவுக்கு உள்ளேயே டென்மார்க் இதைக் காட்டியது. இறைச்சியில் சேர்க்கும் நைட்ரைட்டுக்கு ஒன்றியம் வகுத்ததைவிடக் குறைந்த அளவு போதும் என்று அது பிடிவாதமாக நின்றது. நைட்ரைட்டைக் குறைத்தால் பொட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நச்சுணவு நோய் பெருகும் என்ற எதிர்வாதம் லேசானது அல்ல. சேர்க்கைகளை எல்லாம் விஷமாகப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டென்மார்க்கோ தன் நாட்டில் நெடுங்காலம் குறைந்த அளவிலேயே இறைச்சியைப் பாதுகாத்துவந்த அனுபவத்தைச் சான்றாக வைத்தது. 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் நைட்ரைட் விஷயத்தில் அதன் பக்கம் நின்றது. 2023இல் ஒன்றியமும் தன் அளவுகளைக் குறைக்கும் விதியைக் கொண்டுவந்தது. மாறி நின்ற ஒரு நாடு பொது விதிக்கே வழிகாட்டியது என்றால், வேறுபாட்டை வெறும் வணிகத் தடையாகப் பார்ப்பது சரியாகாது.

இன்னொரு எதிர்ப்பு அறிவியல் தெரிந்தவர்களிடமிருந்து வருவது. அளவுக்கு மிஞ்சினால்தான் அமுதமும் நஞ்சு. சட்டம் அனுமதித்த அளவு மிகக் குறைவு, பிறகு எதற்கு இந்தப் பதற்றம் என்பார்கள். அளவைப் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினமும் வாழ்நாள் முழுக்க உண்டாலும் தீங்கில்லை என்று நிபுணர் குழுக்கள் சொல்லும் அளவு, டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கில் உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். எரித்ரோசினுக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு முதலாவது 112.5 மில்லிகிராம், இரண்டாவது வெறும் 1.5 மில்லிகிராம். இந்திய விதிகள் 2011இல் செயற்கை நிறங்களுக்குப் பொதுவாக வகுத்த உச்சவரம்பு, ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம். அந்த வரம்பில் நிறம் சேர்த்த மஞ்சள் இனிப்பு என்றால் குழந்தை ஒரு கிலோவுக்கு மேல் தின்றால்தான் எல்லையைத் தொடும். எரித்ரோசின் சேர்த்த சிவப்பு இனிப்பு என்றால் 15 கிராமிலேயே தொட்டுவிடும். அதாவது இரண்டு மூன்று மிட்டாய். ஒருநாள் எல்லை தாண்டினால் நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த எல்லைக்குள்ளேயே தாராளமான பாதுகாப்பு இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுபத்தைந்து மடங்கு வேறுபட்ட இரண்டு பொருட்களை ஒரே உச்சவரம்புக்குக் கீழே வைத்த விதி அளவைப் பற்றிக் கவலைப்பட்ட விதி ஆகாது. ஐரோப்பா எரித்ரோசினைச் செர்ரிக்குள் அடைத்ததன் நியாயமும் இந்தக் கணக்கில்தான் தெரிகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்நகர மக்கள் உண்ணும் நிறங்களை அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், டார்ட்ரசின், சன்செட் எல்லோ, எரித்ரோசின் ஆகிய மூன்றிலும் சிலர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார்கள். அளவு பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, இப்படி அளந்து பார்க்கும் வேலை ஏன் ஆண்டுதோறும் நடப்பதில்லை என்பதையே.

இந்தியாவின் சட்டம் காகிதத்தில் பலவீனமானது அல்ல. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2006இல் வந்த உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் அனுமதித்தவை மட்டுமே செல்லும் என்ற கொள்கையைக் கொண்டது. பல இடங்களில் கோடெக்ஸைத் தழுவியது. ஆனால் மாற்றம் வரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ரொட்டி உப்பிவரச் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ வைத்துவிட்டது. பிரிட்டன் 1990இலும் கனடா 1994இலும் இலங்கை 2001இலும் சீனா 2005இலும் அதை விலக்கிவிட்டன. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே அரசு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்தது. வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த வேகத்துக்கு வெளியிலிருந்து ஒரு தன்னார்வ அமைப்பின் ஆய்வகம் தேவைப்பட்டது. அந்த அமைப்பு ரொட்டியை எடுக்காமல் வேறெதையாவது சோதித்திருந்தால் புரோமேட் இன்னும் எத்தனை ஆண்டு நம் காலை உணவில் இருந்திருக்கும்?

சட்டம் அனுமதிக்கவே செய்யாத பொருட்களின் கதை தனி. 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் பிரான்ஸில் பிடிபட்டது. 2005இல் அதே சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸ் வழியாகப் பரவி, பிரிட்டனில் நானூற்றுக்கும் மேற்பட்ட பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க நேர்ந்தது. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின் பி பஞ்சு மிட்டாயில் இருப்பதைக் கண்டு 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அதைத் தொடர்ந்து தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடை செய்தன. ரோடமினை எந்த நாடும் உணவில் அனுமதிக்கவில்லை. இங்கே நாடுகளுக்கு இடையிலான வேறுபாடு சட்டப் புத்தகத்தில் இல்லை. மாதிரி எடுப்பவர் எத்தனை பேர், ஆய்வகம் எவ்வளவு தூரம், முடிவு வர எத்தனை நாள் என்பதில் இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்குக்குச் சான்றிதழ் கேட்கும் துறைமுகம் இருக்கிறது. கடற்கரையில் குச்சியோடு பஞ்சு மிட்டாய் வாங்கும் குழந்தைக்கு அப்படி ஒரு துறைமுகம் இல்லை.

நூற்றுக்கணக்கான சேர்க்கைகளை மறு ஆய்வு செய்ய இந்தியாவிடம் பணமும் ஆளும் ஏது என்பது கடைசி எதிர்ப்பு, நியாயமானதும்கூட. எலிகளையும் சோதனைக் குழாய்களையும் வைத்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. நச்சியல் மதிப்பீடுகளை ஐரோப்பிய ஆணையமும் சர்வதேச நிபுணர் குழுவும் ஏற்கெனவே பகிரங்கமாக வெளியிடுகின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து கடன் வாங்க முடியாதது ஒன்றே: தீபாவளி வாரத்தில் மதுரையில் ஒரு குழந்தை எவ்வளவு நிறம் உண்கிறது என்ற கணக்கு. அதை நாம்தான் எடுக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு அனுமதியும் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டியவர் புதிய தரவோடு வர வேண்டும் என்று விதி எழுதினால் செலவின் பெரும்பகுதி விற்பவர் தலையில் விழும். அது சரியான தலையும்கூட.

சிறு வியாபாரிகள் இதில் நசுங்கிவிடக் கூடாது. நம் சமையல் கூடங்களில் நிறம் வருவது கேசரி பவுடர் என்ற சின்னப் பொட்டலமாக. ஜாங்கிரி மாவிலும், சேர்க்கவே கூடாத பிரியாணியிலும் சிக்கன் 65இலும் அதைக் கைவிரலால் கிள்ளிப் போடுகிறார்கள். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பதை எந்தச் சமையல்காரரும் விரலால் அளக்க முடியாது. ஆயிரக்கணக்கான அடுப்புகளுக்கு ஆய்வாளர்களை அனுப்புவதைவிட, அந்தப் பொட்டலத்தைத் தயாரிக்கும் சில நூறு இடங்களில் சட்டம் இறங்குவது எளிது. பொட்டலத்தில் சாயம் எவ்வளவு, உப்பும் மாவும் எவ்வளவு, ஒரு கிலோ மாவுக்கு எத்தனை கிராம், எந்தெந்தப் பண்டத்தில் போடவே கூடாது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யலாம். சரியான அளவு மட்டுமே கொள்ளும் ஒரு சிறு கரண்டியையும் உள்ளே வைக்கச் சொல்லலாம்.